பின்னால போனவளுக்கு மொதப்பாடு

ஏன் மாப்ள, மூஞ்சி அப்படி இருக்கு? நல்லா இருக்குற வூட்டை எதுக்கு இந்தக் கெழவன் பேத்துத் தூக்குறான்னுதானே பாக்குறீங்க? ஒங்க ஊர்ல வயக்காடு எந்திரிச்சு வந்து வாசல்ல நிக்காது. எங்க ஊர்ல கடலு வந்து நிக்கும். இப்படி நெழலுக்கு வந்து உக்காருங்க. பொம்பளைங்க இன்னும் பானை சட்டி எடுத்து முடிக்கல. கயிறு கட்டுற பயலுவ டீ குடிக்கப் போனவனுவ, இன்னும் வந்தபாடில்ல. அதுக்குள்ள சொல்லிடுறேன்.

அந்தா, கூரைக்குக் கீழ பரண் மேல ஏறி உக்காந்திருக்காளே ஒங்க அத்தை, அவ ஏன் எறங்கமாட்டேங்குறான்னு கேட்டீங்கள்ல? அதுக்கும் இதுலதான் பதில் இருக்கு.

'சுருக்கச் சொல்லுய்யா, இடுப்பு கடுக்குது'ங்குறா, கேட்டீங்களா? சும்மா இருடி. வருசம் பூரா நீ பேசுற, நான் கேக்குறேன். இன்னிக்கு ஒரு நாளு நான் பேசிக்கிறேன்.

இந்த அடம்பக்குப்பத்துக்குக் கரண்டு வரல, தார் ரோடு வரல, எங்க பாட்டனுக்குப் பாட்டன் இடுப்புல கயிறுகூடக் கட்டல. அந்தக் காலம்னு வச்சுக்குங்க. அப்ப ஊரு இங்க இல்ல. எங்க இருந்துச்சு? அதோ அலை மடியுதே, அதுக்கும் அந்தாண்ட.

அங்க தைலம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். புருசனைக் கடலு கொண்டுட்டுப் போயிடுச்சாம். ஒரே மவன், கலியன்னு பேரு. மொத வரிசையில மொத வூடு அவுங்க வூடு. சொந்தமா ஒரு கரைவலை. இழுக்குறதுக்கு ஆளும் பேரும் நெறைய.

மொத வரிசைன்னா சும்மா இல்ல மாப்ள. எவன் வூடு கடலுக்குக் கிட்ட இருக்கோ, அவனுக்குத்தான் மொதப்பாடு. அதாவது, விடிஞ்சதும் மொதல்ல வலை வளைச்சு இழுக்குற முறை அவனுக்கு. கலங்காத தண்ணி, கலையாத மீனு. ரெண்டாவது இழுக்குறவனுக்கு மிச்சம் மீதி. கடைசியா இழுக்குறவனுக்குச் சொறிமீனும் பாசியும். பின்வரிசையில இருக்குறவனைப் பின்கொட்டாயான்னு கூப்புடுவாங்களாம். பின்கொட்டாயானுக்குப் பொண்ணு குடுக்கமாட்டாங்களாம். அதனால எவனும் முன்வரிசையை வுடமாட்டான். கடலு ஒரு அடி வச்சா, இவன் வாசல்ல நாலு பனைத்துண்டைப் போட்டுட்டு அங்கயே இருப்பான்.

தைலம்மா வூட்டுல ஒரு கெணறு. எளநி மாதிரி தண்ணியாம். ஒரு நாளு காலைல தண்ணி சேந்தி வாயில வச்சா, தூன்னு துப்புனாளாம்.

"டேய் கலியா, கடலு வந்துட்டுடா."

"எங்க வந்துருக்கு? அலை அங்க கெடக்கு, பாரு."

"அலையைப் பாக்காதடா, கெணத்தைப் பாரு. கள்ளன் சொல்லிக்கிட்டு வாசப்படியிலயா வருவான்?"

அவன் சிரிச்சானாம். அவ சிரிக்கல. மம்முட்டியை எடுத்துக்கிட்டு மேக்கால தாழங்காட்டு மணல்மேட்டுக்குப் போனா. அங்க ஒரு குழி தோண்டிப் பாத்தா. தண்ணி இனிச்சுச்சாம்.

நேரா பஞ்சாயத்துக்குப் போனா. அப்ப ஊருக்குப் பெரியவரு தம்பாச்சி நாட்டாரு. மீசையே ஒரு முழம் இருக்கும்பாங்க.

"அண்ணே, இப்ப வெயில் காலம், கடலும் தூங்குது. ஊரோட மேட்டுக்குப் போயிடுவோம்."

"கடலு நமக்குத் தாயி, தைலம்மா. தாயி புள்ளையை முழுங்குவாளா?"

"முழுங்கமாட்டா அண்ணே. ஆனா காலை நீட்டிப் படுப்பா. அவ காலு நீட்டுற எடத்துல நாம கெடந்தா நசுங்கித்தான் போவோம்."

நாட்டாருக்குப் பதில் வரல. பதில் வராட்டி கோவம் வரும்ல? "போறவ போ. ஆனா பாடு எடத்தோட ஒட்டுனது. எடத்தை வுட்டா பாடும் போச்சு"ன்னுட்டாராம்.

அவ பாட்டுக்கு வூட்டுக்கு வந்து கூரைக்கட்டை அவுக்க ஆரமிச்சா. கூரையைத் தூக்க ஆளு வேணும்ல? ஒருத்தன் தோளு குடுக்கல. அது கெடக்கட்டும். பெத்த மவனே குறுக்க வந்து நின்னானாம்.

"இது எங்கப்பன் வூடு. மொத வரிசை. பின்கொட்டாயான்னு பேரு வாங்கச் சொல்லுறியா என்னை?"

"தூக்கமாட்டியா?"

"தூக்கமாட்டேன்."

"சரிடா. வூட்டை நீயே வச்சுக்க. மடி மட்டும் எங்கப்பன் பின்னிச் சீரு குடுத்தது. அதை நான் கொண்டு போறேன்."

கரைவலை பாத்துருக்கீங்களா மாப்ள? ரெண்டு பக்கமும் கை மாதிரி நீளமாப் போவும். நடுவுல பை மாதிரி ஒண்ணு, அதுதான் மடி. கை ரெண்டும் மீனை ஓட்டிக்கிட்டு வரும், மடியிலதான் வந்து விழும். கையி ஒரு மாசத்துல பின்னிடலாம். மடி பின்ன ஒரு வருசம் ஆவும். அவ வாசல்ல உக்காந்து தையலைப் பிரிச்சா. மடியைச் சுருட்டித் தலையில வச்சா. திரும்பிப் பாக்காம மேட்டுக்கு நடந்தா.

அப்புறம் என்ன? அவங்கிட்ட மொதப்பாடு இருக்கு, மடி இல்ல. இவகிட்ட மடி இருக்கு, பாடு இல்ல. ரெண்டு பேருக்கும் பட்டினி. வலை இழுக்குற ஆளுங்க வேற வலைக்குப் போயிட்டாங்க. ஊரே கைகொட்டிச் சிரிச்சுச்சாம். கலியன் பொண்டாட்டிதான் பாவம், மாமியாளுக்குக் கஞ்சி கொண்டு போவாளாம். மாமியா பேரப்புள்ளைக்குப் பனங்கெழங்கு குடுத்து வுடுவாளாம். இது எதுவும் கலியனுக்குத் தெரியாது. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தான்னும் சொல்லுவாங்க.

மேட்டுல அவ சும்மா இருக்கல. அலை ஒதுக்குன ஒடஞ்ச துடுப்பையெல்லாம் பொறுக்கிக்கிட்டு வந்து வரிசையா நட்டா. தாழை இல்லாத எடத்துல தாழை வச்சா. அடம்பங்கொடியைப் புடுங்கிட்டு வந்து மணலு சரியுற எடத்துலயெல்லாம் பதிச்சா. விறகு பொறுக்க வந்த பொம்பளைங்க கேட்டாங்களாம், "எதுக்குடி இத்தனை துடுப்பு? மணல்ல தோணி வுடப் போறியா?"

"வூட்டுக்கு ஒண்ணு நட்டுருக்கேன். இது ஒன்னுது, அது ஒன் கொழுந்தனுது."

"யாருடி வரப்போறா இங்க?"

"சிரிக்கிறவங்கதான்."

நடுவுல ஒரு நாளு கலியன் வந்தானாம். ஆளு பாதியா எளச்சிருந்தானாம்.

"ஆத்தா, மடியைக் குடு."

"வூட்டோட வா, குடுக்குறேன்."

"முடியாது."

"அப்ப போ."

போயிட்டான். அவன் தலை மறைஞ்சப்புறம் மடியில மூஞ்சியைப் பொதைச்சுக்கிட்டு அழுதாளாம். அழுதவ, கண்ணைத் தொடச்சுக்கிட்டு அடுத்த துடுப்பை நட்டாளாம். ஆத்திரக்காரிதான், ஆனா அசையாதவ.

ஐப்பசி வந்துச்சு. பட்டப்பகலு, சோறு வடிக்கிற நேரம். வாடைக்காத்து ஓங்காரமா அடிச்சுச்சு. அலை வந்துச்சு, போவல. அது மேல இன்னொண்ணு வந்துச்சு, அதுவும் போவல. ஒலைப்பானை அடுப்போட மொதந்துச்சாம். சனம் புள்ளை குட்டியைத் தூக்கிக்கிட்டு மேட்டைப் பாத்து ஓடியாந்துச்சு. மேட்டு மேல தைலம்மா நிக்கிறா. காத்துல சேலை பிச்சுக்குது. தொண்டை கிழியக் கத்துறா.

"தம்பாச்சி அண்ணே, ஒங்க துடுப்பு அந்தப் பக்கம்! ஏ குஞ்சம்மா, ஒன்னுது தாழைக்குப் பின்னால! எல்லாருக்கும் எடம் இருக்கு, முண்டாதீங்க!"

கடைசியா வந்தவன் கலியன். தோளுல புள்ளை, கையில பொண்டாட்டி. ஆத்தாளைப் பாக்க மூஞ்சி இல்ல. அவளா வந்து புள்ளையை வாங்கி இடுப்புல வச்சுக்கிட்டு, "குளிருதுடா, உள்ள போ"ன்னாளாம். அவ்வளவுதான் சொன்னா.

ஒரு உசுரு போவல. ஆனா வூடெல்லாம் போச்சு. கரையில கெடந்த வலையெல்லாம் போச்சு. ஊருல மிஞ்சுன ஒரே மடி தைலம்மா கொண்டு போன மடி.

இப்ப கேளுங்க மாப்ள, எங்க ஊரு லட்சணத்தை. மறுநாளு தண்ணி உள்வாங்குச்சு. வெயிலு அடிச்சுச்சு. நாட்டாரு மெதுவா எந்திரிச்சாராம். அவருக்கு நட்டுருந்த துடுப்பைப் புடுங்கிக் கொஞ்சம் கெழக்கால தள்ளி நட்டாராம். இதைப் பாத்த அடுத்தவன் அவருக்கும் முன்னால கொண்டு போயி நட்டானாம். அவனுக்கு முன்னால இன்னொருத்தன். மொதப்பாடு வேணுமாம்ல! வூடு இல்ல, வலை இல்ல, திங்கச் சோறு இல்ல. மொதப்பாட்டுக்கு மட்டும் அடிதடி. பொழுது உச்சிக்கு வர்றதுக்குள்ள துடுப்பெல்லாம் மேட்டை வுட்டு எறங்கி மறுபடி தண்ணி ஓரத்துல போயி நின்னுச்சாம். எல்லாத்துக்கும் முன்னால நின்னது யாரு துடுப்பு? கலியனோடது! இதை என்னன்னு சொல்லுறது? சொல்லுங்க.

தைலம்மா பாத்தா. வந்த கோவத்துக்கு அளவே இல்ல. மடியை இழுத்துக்கிட்டு வந்து நடுவுல போட்டா. அது மேல உக்காந்தா.

"அடப் பாவிங்களா! வாயில போன உப்புத்தண்ணி இன்னும் காயல, அதுக்குள்ளயா? நீங்க கடலால சாவமாட்டீங்கடா, வரிசையாலதான் சாவீங்க. இந்தா, ஊருக்கே இருக்குறது இந்த ஒரு மடி. ஆளுக்கு ஒரு முழம் கயிறு கொண்டாந்து வலைக்குக் கை கட்டுங்க, ஊரோட இழுப்போம், ஊரோட திம்போம். ஆனா எனக்கு ஒரு வாக்குக் குடுக்கணும். குடுக்காட்டி இதை இப்பயே அடுப்புல வச்சுடுவேன்."

"என்ன வாக்கு?"ன்னாரு நாட்டாரு.

"இனிமே முன்னால இருக்குறவனுக்கு மொதப்பாடு இல்ல. முன்வரிசையில எவன் வூட்டைத் தானாத் தூக்கிக்கிட்டுப் பின்னால போறானோ, அவனுக்குத்தான் அந்த வருசம் மொதப்பாடு."

"பின்னால போறவனுக்கு மொதப்பாடா? ஒலகத்துல இல்லாத நாயமா இருக்கே!"

"ஒலகத்துல இல்லாட்டிப் போவுது. இங்க இருக்கட்டும்."

அப்ப கலியன் எந்திரிச்சானாம். தண்ணி ஓரத்துக்குப் போனான். தன் துடுப்பைப் புடுங்கினான். ஊரே பாக்க மேட்டுல ஏறி, எல்லா வரிசையும் தாண்டி, கடைசியில கொண்டு போயி நட்டான். "என்னைப் பின்கொட்டாயான்னு கூப்புடுறவன் இப்பக் கூப்புடுங்கடா"ன்னானாம். யாரும் கூப்புடல. நாட்டாரு வந்து மடியைத் தொட்டு வாக்குக் குடுத்தாரு. அவரு பின்னால ஊரே தொட்டுச்சு.

தொட்டதும் என்ன பண்ணாங்க தெரியுமா? எல்லாரும் துடுப்பைத் தூக்கிக்கிட்டுப் பின்னால ஓடுனாங்களாம்! எங்க ஆளுங்களைப் பத்தி என்ன நெனைச்சீங்க? தைலம்மா தலையில அடிச்சுக்கிட்டு, "வருசத்துக்கு ஒரு வூடுடா! முன்வரிசையில எந்த வூட்டுக் கெணறு மொதல்ல கரிக்குதோ அந்த வூடு! இந்த வருசம் முன்னால இருக்க ஆளு இல்லாட்டி நானே இருக்கேன்"னு, தன் குடிசையைத் தானே கெழக்கால போட்டுக்கிட்டாளாம்.

அடுத்த தை மாசம் அங்க அவ தோண்டுன கெணறு கரிச்சுச்சு. கலியன் ஊரைக் கூட்டிக்கிட்டு வந்து நின்னான்.

"ஆத்தா, எறங்கி வா. கூரையைத் தூக்கணும்."

அவ பரண்ல ஏறி உக்காந்துக்கிட்டாளாம். "எறங்கமாட்டேன். அன்னிக்குக் கேட்டேன், தோளு குடுக்கலைல்ல? இப்பத் தூக்கு. என்னையும் சேத்துத் தூக்கு."

கெழக்கு மூலைக்கு, கடலு பக்கத்துக்கு, கலியந்தான் தோளு குடுத்தானாம். வழி பூரா அழுதுகிட்டே வந்தானாம். மேலேருந்து அவ, "அழுதா நடை தப்பும்டா, பாத்து நட"ன்னு சொல்லிக்கிட்டே வந்தாளாம். அவ குரலும் சரியா இல்லன்னு பாட்டன்மாரு சொல்லுவாங்க.

அதான் மாப்ள. அன்னிலேருந்து தை மாசத்துல எங்க ஊருல வூடு தூக்குவோம். அந்த வூட்டுப் பொம்பளை பரண்ல உக்காந்திருக்கணும். எவ்வளவு கனமா இருந்தாலும் எறங்கச் சொல்லக் கூடாது. மேல இருக்குறவளுக்குக் கேட்டுடப் போவுது, அதான் மெதுவாச் சொன்னேன். முன்வரிசையில எவனும் செங்கல்லு வைக்கக் கூடாது, கீத்துதான். ஊருக்குப் பின்னால அவ்வளவு எடம் சும்மா கெடக்கே, ஏன் வித்துக் காசாக்கலன்னு நேத்து கேட்டீங்கள்ல? ஓட்டலு கட்ட வந்தவங்களும் அதைத்தான் கேட்டாங்க. அது சும்மா கெடக்கல. அடுத்து தூக்குற வூட்டுக்கும், அதுக்கு அடுத்த வூட்டுக்கும் எடம். தைலம்மா திடல்னு பேரு. இன்னும் பொறக்காதவனுக்குக்கூட அங்க ஒரு துடுப்பு நட்டுருக்கு, போயிப் பாருங்க.

அவளோட மொத கெணறு? அது கடலுக்குள்ள கெடக்கு. தண்ணி வத்துற நாளுல செங்கல்லு வளையம் தெரியும். வலை கொண்டு போறவங்க அதுகிட்ட வந்ததும் ஒரு கை தண்ணி அள்ளி வாயில வச்சுத் துப்பிட்டுத்தான் போவாங்க.

போன மாசம் எங்க கெணத்துத் தண்ணியை ஒங்க அத்தைதான் மொதல்ல துப்புனா. எனக்கும் மனசு கேக்கல மாப்ள, பொய் சொல்லுவானேன். ஒங்க பொண்டாட்டி பொறந்த எடம் இது. ஆனா அடுத்த ஐப்பசி வரைக்கும் நான் இங்க ஒக்காந்து கடலுகிட்ட நாயம் பேச முடியாது.

அந்தா, பயலுவ வந்துட்டானுவ. டேய், கட்டை இறுக்குங்கடா! மாப்ள, சட்டையைக் கழட்டி அந்தத் தாழையில போடுங்க. நாளைக்கு விடிஞ்சா மொதப்பாடு நமக்கு. இன்னிக்குக் கடலு பக்கத்து மூலை ஒங்களுக்கு. தோளு குடுங்க. ஏ, பரணைப் புடிச்சுக்கடி, தூக்கப் போறோம்!