வாங்குகிறவர்கள் பக்கம்

பிரின்ஸ்டன் ஜங்ஷனில் காலை ரயிலுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் இரண்டு தமிழ்ப் பெண்கள்.

"கிளாஸ்ல அடிமைச் சந்தை மாதிரி ஆக்ட் பண்ண வெச்சாங்க. என் பொண்ணு கறுப்பா இருக்கான்னு விக்கிறதுக்கு நிக்க வெச்சுட்டாங்க."

"ஐயோ. சும்மாவா விட்டீங்க?"

"எங்க வீட்டுக்காரர் டீச்சருக்கு ஃபோன் பண்ணி, நாங்க இண்டியன்ஸ், பிளாக் இல்லைன்னு சொன்னார். மறுநாளே வாங்குறவங்க பக்கம் மாத்திட்டாங்க."

"நல்லதாப் போச்சு."

பெண்ணின் அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"இப்போ வெளையாடவே வெளியே போக மாட்டேங்கறா. வெயில்ல இன்னும் கறுத்துட்டா, திரும்ப அந்தப் பக்கம் அனுப்பிடுவாங்களாம்."

"அப்படியெல்லாம் அனுப்ப மாட்டாங்கன்னு சொல்றதுதானே?"

"சொன்னேன். அப்பா ஊர்ல இல்லாதன்னிக்கு யாரு ஃபோன் பண்ணுவாங்கன்னு கேக்கறா."