சர்வர் படுத்த நாள்

இல்ல மேடம், லேப்டாப் மட்டமானதுன்னு நான் சொல்லவே இல்ல. விசாரணைக் குறிப்புல அப்படி எழுதியிருந்தீங்கன்னா தயவுசெஞ்சு அடிச்சிருங்க. நல்ல மெஷின்தான் அது. வாங்கி ஒரு மாசம்கூட ஆகல. அந்த வேலைக்கு அது ஆள் இல்லன்னுதான் சொன்னேன். அது வேற பேச்சு, இது வேற பேச்சு.

தண்ணியா? வேண்டாம். சரி, வெச்சிருங்க, அப்புறம் குடிக்கறேன்.

நான் அந்த ஆத்துக் கண்காணிப்பு ஆபீஸ்ல கம்ப்யூட்டர் எல்லாம் பாத்துக்கறேன். ஆபீஸ் ஆளு இல்ல, ஒரு கம்பெனி மூலமா கான்ட்ராக்ட். மலையில அங்கங்க மழை அளக்கற கருவி இருக்கு, ஆத்துல தண்ணி மட்டம் பாக்கற கருவி இருக்கு. எல்லாத்துலேருந்தும் அளவு வந்து விழுந்துக்கிட்டே இருக்கும். எங்க சர்வர் அதை வாங்கி, இன்னும் கொஞ்ச நேரத்துல ஊருக்குள்ள தண்ணி எவ்வளவு ஏறும்னு கணக்குப் போடும். போட்டு முடிச்ச உடனே மறுபடி முதல்லேருந்து. ராவு பகல் கிடையாது அதுக்கு. வர்ற நம்பர் அபாயக் கோட்டைத் தாண்டினா சைரன் கொடுக்கணும். கொடுக்கச் சொல்ற அதிகாரம் ஆபீஸ் தலைவருக்கு, அதான் சீஃபுக்கு மட்டும்தான். எனக்குக் கிடையாது. தெரியும் மேடம். தெரிஞ்சுதான் சைரன் பட்டனை அமுக்கினேன்.

வர்றேன், வரிசையாவே வர்றேன். நடுவுல விட்டா எனக்கே குழம்பிரும்.

அன்னிக்குக் காலையில நான் உள்ள நுழையறப்பவே சர்வர் ரூம்ல சத்தம் இல்ல. எப்பவும் ஒரு இரைச்சல் இருக்கும், பக்கத்துல நின்னு பேசினா கேக்காது. அது இல்லன்ன உடனே நேரா சர்வர்கிட்ட ஓடினேன். திறந்து பாத்தா, கணக்குப் போடற சிப்பு, அதான் ப்ராசஸர், அதுக்குக் காத்து அடிக்கற விசிறி நின்னு, சூடு ஏறி, போர்டோட போயிருக்கு. கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். நாளைக்குத்தான் ஆள் வரும்னுட்டாங்க. வெளியில தூறல்தான் அப்ப. மலையில மட்டும் நல்லா இருட்டிக்கிட்டு இருந்துச்சு.

நான் சீஃப்கிட்ட சொன்னேன், வானிலை ஆபீஸ்ல பெரிய சர்வர் இருக்கு, ஒரு நாளைக்கு நம்ம கணக்கை அங்க ஓட்டித் தரச் சொல்லுவோம்னு. முதல்ல அதைத்தான் சொன்னேன். அவர் யோசிச்சாரு. அங்க கேட்டா மேலிடத்துக்குப் போகும், விசிறி பழசாயிருச்சுன்னு போன வருஷமே தெரிஞ்சும் ஏன் மாத்தலன்னு நூறு கேள்வி வரும். ஒரு நாள் கதைதானே, என் லேப்டாப்ல ஓட்டுன்னாரு.

பயந்து சொன்னாரா, யோசிச்சு சொன்னாரான்னு கேட்டா... ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் மேடம். அவர் மனசுக்குள்ள போய் நான் பாக்கல.

அவர் சொன்னதுல ஒரு நியாயம் இருந்துச்சு, அதையும் எழுதிக்கோங்க. சர்வர் ப்ராசஸரோட வேகம் ரெண்டேகால் கிகாஹெர்ட்ஸ்னு போட்டிருக்கும். லேப்டாப்ல அஞ்சு. பாக்கறவங்களுக்கு எது பெருசு? அஞ்சுதான். நீங்களும் அதைத்தானே இப்ப கேட்டீங்க. அதுவும் சும்மா இல்ல, நாங்க சோதிச்சும் பாத்தோம். ஆத்தோட மேல் பகுதியை மட்டும் எடுத்து, சின்னக் கணக்கா ஓட்டிப் பாத்தா, சர்வர் வழக்கமா எடுக்கறதைவிட சீக்கிரமா முடிச்சிருச்சு. சீஃப் என்னைத் திரும்பிப் பாத்தாரு, பாத்தியான்னு. நான் என்ன சொல்ல முடியும், கண்ணு முன்னாடி நடக்குது.

இங்கதான் விஷயம். உங்க முன்னாடி லேப்டாப் இருக்கில்ல, நீங்க ஒரு ஃபைலைத் திறந்தா பட்டுன்னு திறக்குது. அந்த ஒரு நிமிஷத்துக்கு அது மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஓடும். திறந்த உடனே நின்னு இளைப்பாறிக்கும். நீங்க படிப்பீங்க, டைப் பண்ணுவீங்க, அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும். அதுக்காகவே செஞ்சது. மடியில வெச்சுக்கணும், எடை இருக்கக் கூடாது, பேட்டரி நிக்கணும், சூடு ஆகக் கூடாது. அந்த அஞ்சுங்கறது ஓட்டப்பந்தய வேகம். நாள் முழுக்க அந்த வேகத்துல ஓட அதுக்கு இடமே இல்ல. உள்ள இத்தனூண்டு விசிறி, அட்டை மாதிரி உடம்பு. சூடு ஏறினா கருகிடக் கூடாதுன்னு தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும்.

சர்வர் ப்ராசஸர் அப்படி இல்ல. நிதானமாத்தான் நடக்கும், ஆனா நிக்காது. அதுக்குள்ள கோர்னு சொல்லுவோம், ஆளுக்கு ஒரு வேலைன்னு தனித்தனியா கணக்குப் போடற பகுதி. எங்க சர்வர்ல அறுபதுக்கு மேல. ஆத்தையும் ஓடையையும் துண்டு துண்டா வெட்டி, ஆளுக்குக் கொஞ்சம்னு பிரிச்சுக் கொடுத்துட்டா, அத்தனையும் ஒரே நேரத்துல போடும். லேப்டாப்ல அந்த மாதிரி எட்டு. மேல் பகுதி மட்டும்னா எட்டே போதும், அதான் காலையில ஜெயிச்சுது. முழு ஆறும், சேர்ற ஓடையும், எல்லா மழையும்னு கொட்டினா எட்டுப் பேரும் ஒண்ணை முடிச்சுட்டு அடுத்ததுன்னு சுத்திச் சுத்தி வரணும். அதுலயும் சூடு ஏற ஏற நடை தளர்ந்துக்கிட்டே போகும்.

மெமரி விஷயமும் இருக்கு. சர்வர்ல ஒரு எண் மாறிப் போனா அதுவே கண்டுபிடிச்சுத் திருத்திக்கும். சாதாரண லேப்டாப்ல அந்த வசதி கிடையாது. இல்ல இல்ல, அன்னிக்கு அதனால தப்பு நடக்கல. ரெண்டும் எதெதுக்குன்னு கேட்டீங்களேன்னு சொன்னேன்.

மத்தியானத்துக்கு மேல மலையில கொட்ட ஆரம்பிச்சுது. மழைமானி ஒவ்வொண்ணா ஏறுது. லேப்டாப் முதல் ரவுண்டை ஒழுங்கா கொடுத்துச்சு. அபாயக் கோட்டுக்கு நல்லா கீழதான் இருந்துச்சு. ரெண்டாவது ரவுண்டு தாமதம். மூணாவது ஆரம்பிச்சப்ப மெஷின் அடியில கை வைக்க முடியல. நான் ரெண்டு பக்கமும் கட்டை கொடுத்துத் தூக்கி வெச்சேன். சீஃப் அவர் ரூம்லேருந்து மேஜை விசிறியைத் தானே தூக்கிக்கிட்டு வந்து, அதுக்கு நேரா பிடிச்சுக்கிட்டு நின்னாரு. ஒரு நாற்காலி மேல வெச்சாப் போதும், அது தோணல. பிடிச்சுக்கிட்டே நின்னாரு.

ஸ்க்ரீன்ல ஒரு விஷயம் உண்டு மேடம். புதுக் கணக்கு முடியற வரைக்கும் பழைய நம்பர்தான் நிக்கும். பச்சைக் கலர்ல. பாக்கறவங்களுக்கு எல்லாம் நல்லாயிருக்கற மாதிரி தெரியும். ஆனா அது மழை வலுக்கறதுக்கு முன்னாடி இருந்த ஆறு. அந்த நம்பர் செத்துப் போச்சு சீஃப்னு சொன்னேன். அவர் முக்கால்வாசி முடிஞ்சிருச்சு, வந்துரும், வந்துரும்னாரு.

அப்பதான் மேல் அணைக்கட்டுக்கிட்ட இருக்கற கருவி அனுப்பறதை நிறுத்திருச்சு. அங்க ஃபோன் போட்டா எடுக்கறவங்க இல்ல. கருவியே முழுகினாத்தான் அப்படி நிக்கும். நான் சொல்லிட்டேன், கணக்கு வேண்டாம், ஊதிருவோம்னு. அவர் ஒரே வார்த்தையில முடியாதுன்னாரு. நம்பர் இல்லாம ஊதி, தண்ணி வரலன்னா, அடுத்த தடவை ஒருத்தரும் வீட்டை விட்டு நகர மாட்டாங்க. பொய்யா ஒரு தடவை ஊதினது நாலு நிஜத்தைக் கெடுத்துரும்னாரு. அதுவும் உண்மைதான். முன்னாடி ஒரு தடவை அப்படி நடந்து அவர் வாங்கிக் கட்டிக்கிட்டிருக்காரு, கூட்டத்துல நிக்க வெச்சுக் கேட்டாங்க. அது அவருக்குள்ளயே இருந்துச்சு.

எவ்வளவு நேரம் வாக்குவாதம்னா, சைரன் பலகைக்கும் மேஜைக்கும் நடுவுல நாங்க ரெண்டு பேரும் நின்ன நேரம்தான். கால்மணிக்கு மேல இருக்கும். கத்தல மேடம், ரெண்டு பேருமே கத்தல. கத்தியிருந்தா யாராவது உள்ள வந்திருப்பாங்க. அடங்கின குரல்லயேதான் பேசினோம். கடைசியில, சீஃப், கொஞ்சம் தள்ளுங்கன்னேன். தள்ளல. நான் அவர் தோளைப் பிடிச்சு ஒதுக்கிட்டு அமுக்கினேன்.

ஆமா. தொட்டுத் தள்ளினேன். அதையும் எழுதிக்கோங்க, ஒளிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

சைரன் கேட்டதும் ஆத்தோரத் தெரு ரெண்டும் காலியாச்சு. பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு, வயசானவங்களைக் கைத்தாங்கலாப் பிடிச்சுக்கிட்டு, மேட்டுல இருக்கற பள்ளிக்கூடத்துக்கு ஏறிட்டாங்க. கடைசி ஆளு ஏறின கொஞ்ச நேரத்துல தெருவுல தண்ணி. ஜன்னல் வரைக்கும். லேப்டாப் கணக்கை முடிச்சு சிவப்புல நம்பர் காட்டினப்ப எங்க கட்டடத்து வாசப்படியே முழுகிக் கிடந்துச்சு. நம்பர் சரியாத்தான் வந்துச்சு மேடம். கொஞ்சம்கூடப் பிசகல. நேரம்தான் தப்பு.

இறந்து போனவரைப் பத்தியா... ஊர்த் தண்ணி மோட்டாரைப் பாத்துக்கற பம்ப் ஹவுஸ்காரரு. அவரும் சைரன் கேட்ட உடனே கிளம்பினவருதான். தெருவுல நடக்க முடியாத ஒரு அம்மாவை முதுகுல சுமந்து கொண்டுபோய் மேட்டுல விட்டுட்டு, மோட்டாருக்கு வர்ற கரண்ட்டை நிறுத்தலியேன்னு திரும்பப் போயிருக்காரு. தண்ணியில கரண்ட் பாஞ்சா எல்லாரும் போயிருவாங்களேன்னு. நிறுத்திட்டாரு. நிறுத்திட்டு வெளியில வர வழி இல்ல.

நான் குடிச்சுக்கறேன் மேடம், இருங்க.

அவர் சம்சாரம் மறு வாரம் ஆபீசுக்கு வந்தாங்க. அழல, திட்டல. கவுன்ட்டர்ல நின்னுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க, உங்களுக்கு எப்பத் தெரியும்னு. சீஃப் உள்ள கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தாரு, வெளியில வரல. நான்தான் நின்னேன். விசாரணையில சொல்றேன்மான்னு சொல்லி அனுப்பினேன். அதுக்குத்தான் இவ்வளவும் சொல்றேன். எனக்குக் கருவி நின்னப்பவே தெரியும். சீஃபுக்கும் அப்பவே தெரியும். அப்பவே ஊதியிருந்தா அந்த மனுஷன் அந்த அம்மாவை விட்டுட்டு, கரண்ட்டையும் நிறுத்திட்டு, நடந்தே மேட்டுக்கு வந்திருப்பாரு.

லேப்டாப்பைக் குறை சொல்லி முடிச்சுட்டா எல்லாருக்கும் சுலபம். மெஷின் தாங்கல, அவ்வளவுதான்னு போயிரலாம். அது தன்னால முடிஞ்சதைத்தான் செஞ்சுது. தாங்காதுன்னு தெரிஞ்ச பிறகும் அதையே பாத்துக்கிட்டு நின்னது ஆளுதான். ஆமா, சீஃப் பேரைப் போட்டே எழுதிக்கோங்க. காலையில வானிலை ஆபீஸ்ல கேக்காதது ஒண்ணு, கருவி நின்னப்ப ஊத விடாதது ஒண்ணு. நான் கையெழுத்துப் போடறேன்.

இன்னொரு கேள்வியா, கேளுங்க.

முன்விரோதமா? சீஃப் மேலயா?

இல்ல மேடம். விரோதம்னு எல்லாம் ஒண்ணும் கிடையாது. அவர் எங்க வீட்டுக்காரர்.

உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியுமே. அங்க நான் சீஃப்னுதான் கூப்பிடுவேன், அப்படியே வாயில வருது. எங்க கல்யாணத்துக்கு அப்புறம்தான் இந்த கான்ட்ராக்ட் வந்துச்சு. வேணும்னா அதையும் சேத்து எழுதிக்கோங்க.

நேத்து நானே கேட்டேன், நாளைக்கு என்ன சொல்லட்டும்னு. நடந்ததைச் சொல்லுன்னாரு. அப்புறம் போய்ப் படுத்துட்டாரு, சாப்பிடல. இன்னிக்கு என்னைக் கூட்டிக்கிட்டு வந்ததும் அவர்தான். இறங்கறப்ப, தைரியமாப் போன்னாரு.

அடுத்து அவரைத்தானே கூப்பிடுவீங்க? கீழ வாசல்ல நிக்கறாரு. உங்க லிஃப்ட் ஓடல, நாலு மாடி ஏறி வரணும், அவருக்கு மூச்சு வாங்கும். வந்த உடனே கேள்வி கேட்டுராதீங்க மேடம். ஒரு நாற்காலி போட்டு, கொஞ்சம் உக்கார வெச்சுட்டுக் கேளுங்க.