சமூக ஆர்வலர் அனுப்பிய வீடியோ

...அந்தச் செவப்பு வட்டத்த எவன் போடச் சொன்னான்னு கேக்குதேன்! பயலுவ மூஞ்சியச் சுத்தி ஒரு வட்டம், கையச் சுத்தி ஒரு வட்டம், அம்புக்குறி வேற. கூடவே ஒரு கொட்டு... பேய்ப்படத்துல கதவு தானா தெறக்கும்போது போடுவான்லா, அந்தக் கொட்டு. டும்... டும்... எக்கா, அந்தக் கொட்டப் போட்டு எங்க சபைப் போதகர் ஜெபம் பண்ணுததக் காட்டினாலும் கொள்ளக்காரன்னுதான் தோணும்.

இருங்க, இருங்க, எழும்பாதீங்க. இந்தப் பெஞ்சுக்கு ஒரு கால் ஆடுது, நீங்க எழும்பினா நான் சரிஞ்சிருவேன். ஹெட்மாஸ்டர் கூப்பிட நேரமாவும். நீங்களும் பிள்ளைக்க காரியமாத்தான் வந்திருக்கியளா? ம்ம்... தலைய மட்டும் ஆட்டுதிய. செரி, நீங்க பேசாண்டாம், நான் பேசுதேன். வீட்டுல பேச ஆளில்லாம எனக்கு வாயே புளிச்சுப்போயிக் கெடக்கு.

எனக்க மவன் ஸ்டெனி, பிளஸ்டூ. இன்னைக்கு டிசி கிழிச்சுக் குடுக்கப்போறாராம் ஹெட்மாஸ்டரு. பரிச்ச பக்கத்துல வந்து நிக்கும்போது டிசிய வச்சுக்கிட்டு எங்க போவ? எந்த ஸ்கூலுல சேப்பான்? அவனுக்க அப்பா துபாய்ல வெயில்ல கெடந்து வேவுதது எதுக்காக்கும்? எல்லாம் அந்த வீடியோவால. நீங்களும் பாத்திருப்பிய. பாக்காத ஆளு ஆரல்வாய்மொழிக்கு இஞ்சயும் இல்ல, அங்கயும் இல்ல. 'சீரழியும் மாணவர் சமுதாயம்'னு போட்டு... ரெண்டு பயலுவ, ஒரு பழைய கொட்டகை, மூஞ்சியில கைக்குட்ட, கையில பாக்கெட்டு, வெள்ளப் பொடி. அதுல ஒருத்தன் உள்ளங்கைய மூக்குக்கிட்ட கொண்டு போறான். போதும்லா ஊருக்கு!

அது என்ன பொடின்னு நினைக்கிய? மரச்சீனி மாவு எக்கா! எனக்க மாவு! நான் கிழங்கு வாங்கி, தோலு சீவி, காயப்போட்டு, இடிச்சு டின்னுல அடச்சு வச்சிருந்த மாவு. அடுக்களைக்குப் போறேன், டின்னு காலி. இவன்கிட்ட கேட்டா, 'தெரியாதும்மா'ங்கான். களவாணிப்பய... எதுக்குன்னு கேளுங்க. குடிலுக்கு! கிறிஸ்மஸ் குடிலு கட்டுதானுவளாம். சபையில போட்டி வச்சிருக்கு. சாதிச்சுக் காட்டணும்னு ஒருத்தருக்கும் சொல்லாம கட்டுதானுவ. என்கிட்ட டியூசன்னு சொல்லிட்டு அங்க போயிருக்கான். பெத்லகேம்ல பனி பெய்யணுமாம்! எக்கா, இந்த ஊருல பனிக்கு எங்க போவ? மாவத் தூவியிருக்குதுவ. இந்தக் காத்து மாவ நிக்க விடுமா? கரண்டு எடுக்குத அம்மாம்பெரிய காத்தாடியவே சுத்துத காத்தாக்கும். தூவுனத அப்பிடியே திருப்பி மூஞ்சியில அடிச்சிருக்கு. அதான் கைக்குட்ட. வேற ஒண்ணுமில்ல.

மோந்து பாத்ததா? அது... மாவு கொஞ்சம் பூத்துப்போச்சு எக்கா. மழை ஈரம். ஒரு புளிச்ச வாடை வரும். அதத்தான் மோந்து பாத்திருக்கான். எனக்க மாவு நல்ல மாவா இருந்திருந்தா அவன் மூக்குக்கிட்டயே கொண்டு போயிருக்க மாட்டான். சவம்... எல்லாம் எனக்க தலையில வந்து விடியுது பாத்துக்கிடுங்க.

டீச்சரு போன்ல சொன்னாவ, பயலுவ ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லித்தான் பாத்திருக்குதுவ, குடிலு சார், குடிலு சார்னு. 'எங்கடே குடிலு, காட்டு'ன்னு கேட்டாராம். எதக் காட்ட? டிவியில வந்த மறுநா விடியல்லயே ஊருல உள்ள பெரிய மனுசனுவ கம்பும் கட்டையுமா போயி கொட்டகைய அடிச்சு நொறுக்கிட்டானுவ. உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தன் குனிஞ்சு பாத்தானா? ஆடு, மாடு, ராசாமாரு, எல்லாம் களிமண்ணுல செஞ்சது, சவுட்டித் தள்ளியாச்சு. 'போதைக் கூடாரம் அகற்றம்'னு ஒரு போட்டோ வேற. அதுல முன்னால நிக்கவன் யாரு தெரியுமா? டாஸ்மாக்குல இருந்து தூக்கிட்டு வரணும் அவன, வாரத்துக்கு ரெண்டு தடவ. அவன் போதைய ஒழிச்சிட்டானாம்!

ஹெட்மாஸ்டரும் மோசமான ஆளில்ல, சும்மா சொல்லப்பிடாது. 'அந்த வீடியோவ எடுத்த ஆளு முழுசையும் கொண்டு வரட்டும், பாத்துட்டு முடிவு பண்ணுதேன்'னு சொல்லியிருக்காரு. அது... அது ஒரு பேச்சு. விடுங்க.

இவனுவள எப்பிடிக் கண்டுபிடிச்சானுவன்னு கேளுங்களேன். மூஞ்சிதான் தெரியல்லியே! பேன்ட்டப் பாத்து நம்ம ஸ்கூலுன்னு மட்டும் தெரிஞ்சிருக்கு. அசம்பிளியில கேட்டிருக்காரு, யாருடே அதுன்னு. அத்தன பிள்ளையள் நிக்குதுவ, வாயப் பொத்திக்கிட்டு நின்னா முடிஞ்சு போச்சு. இதுவ ரெண்டும் கையத் தூக்கிருக்குதுவ! அரிச்சந்திரன் பேரனுவ! மண்டைக்குள்ள ஒண்ணுமே கெடையாது எக்கா இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு. நம்மளா இருந்தா தூக்குவோமா?

இந்தக் காலத்துப் பிள்ளையள்னு சொன்னதும் ஓர்மை வருது... பேப்பரத் தெறந்தா மாணவன்னா ரெண்டே ரெண்டு சாதி. ஒண்ணு பஸ்ஸுல தொங்குதவன். இல்லன்னா மார்க்கு வாங்கி, அம்மைக்க கையால லட்டு திங்கவன். நடுவுல உள்ள பிள்ளையள, காலையில எழும்பி, பல்லு தேச்சு, கணக்குல முப்பத்தஞ்சு வாங்கி, சத்தமில்லாம வீட்டுக்கு வாறவன ஒருத்தனும் காட்ட மாட்டான். சீரியல்ல பாத்தா, பதினாறு வயசுப் பொண்ணுன்னா போனக் கையில வச்சுக்கிட்டு அம்மைய எதுத்துப் பேசணும். டிவியில கோட்டு போட்டுக்கிட்டு ஒருத்தரு வருவாரு, மனநல ஆலோசகரு. அவங்க மூள இன்னும் வளரலைம்பாரு. அது வளரல்ல செரி, கம்பெடுத்துப் போனவனுவளுக்க மூள என்னைக்கு வளந்துச்சு?

எங்க வீட்டுக்காரரு, ஜான்ரோஸு, துபாய்ல இருந்து அந்த வீடியோவ எனக்கே அனுப்புதாரு எக்கா! 'ஊரு கெட்டுப்போச்சு, ஸ்டெனிய வெளிய விடாத'ன்னு. அவருக்க மவனத்தான் அவரு பாத்துக்கிட்டு இருக்காரு! நான் என்னத்தச் சொல்ல? ஒரு கட்டவிரலு படம் போட்டு விட்டேன்.

அந்தா, வேப்பமரத்து மூட்டுல நிக்கானுவல்லா... நெட்டையா நிக்கதுதான் ஸ்டெனி. பக்கத்துல நிக்கதுதான் மத்தவன், சுயம்புராஜாம், தாத்தா பேராம். அவனாலதான் எக்கா இவ்வளவும். மண்டையப் பாருங்க, ரெண்டு பக்கமும் செரச்சு நடுவுல மட்டும் புல்லு வளத்து வச்சிருக்கான். சபைப் பிள்ளையும் இல்ல, அய்யாவழிக்காரங்க வீட்டுப் பய. அவனுக்குக் குடில்ல என்ன வேல? வயரிங் தெரியுமாம். நட்சத்திரம் சுத்துததுக்கு மோட்டாரு அவன்தான் மாட்டுனானாம். பழைய மிக்சியில இருந்து கழட்டி! எனக்க மவன் பாவம், தார்ப்பாயப் பிடிச்சிக்கிட்டு சும்மா நிக்கான், மாவத் தூவுனதும் மோந்து பாத்ததும் எல்லாம் அவனாக்கும். அவனுக்க அம்மயச் சொல்லணும். பிள்ளைய அவுத்து விட்டுட்டு எங்க கெடக்காளோ!

என்ன எக்கா... மூஞ்சி ஒருமாதிரி ஆவுது? தண்ணி வேணுமா? பையில இருக்கு... வேண்டாமா? செரி.

பாருங்க, சிரிக்கானுவ. டிசி வாங்க நிக்கும்போது சிரிப்பு! என்னத்தையோ காட்டுதான் அவன் போன்ல... இல்ல, போனில்ல. முறுக்கு. ஒரு முறுக்க ஒடிச்சு ரெண்டு பேரும் திங்குதானுவ. என்கிட்ட ஸ்டெனி பேசவே மாட்டேங்கான் எக்கா. வீடியோ வந்ததுல இருந்து ஒரு வார்த்த கெடையாது. சோறு போட்டா திங்கான், தட்டக் கழுவி வைக்கான், போறான். திட்டுனாக்கூடத் தாங்குவேன். இந்த வயசுல பிள்ளையளுக்கு வாயி நீளும்னுலா எல்லாவனும் சொல்லுதான், இவனுக்கு எங்க போச்சு வாயி?

நேத்து ஒரு தடவ பேசுனான். பேசாமலே இருந்திருக்கலாம். சோத்தப் பெசஞ்சுக்கிட்டே பைய சொல்லுதான்... 'அம்மா, அந்த வீடியோவுல ஓரத்துல உங்க மஞ்ச நைட்டி ஆடுது.' அவ்வளவுதான். எழும்பிப் போயிட்டான்.

ம்? என்ன நைட்டியா?

அது வந்து எக்கா... நீங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டியன்னு தோணுது. நீங்கதான் வாயே தெறக்கல்லியே. மாடியில கொடியில கெடந்த துணி எடுக்கப் போனேன், அந்த நைட்டியும் அதுலதான் கெடந்துச்சு. பின்னால கொட்டகையில ஆளு நடமாட்டம். மசங்கிட்டு வாற நேரம், மூஞ்சி தெரியல்ல, வெள்ளையா புகையுது. எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. டிவியில காட்டுனது எல்லாம் நம்ம வீட்டுக்குப் பின்னாலயே வந்துட்டுதேன்னு! கண்ணாடிகூட இல்ல, போன எடுத்துப் பிடிச்சேன், உள்ள என்ன செய்யுதானுவன்னு எங்க பாத்தேன். பெத்த பிள்ளைக்க நடைய அடையாளம் தெரியல்லியான்னு கேக்காதீங்க. அவன் டியூசன்லன்னுலா நான் நினைச்சிருக்கேன்! எங்க சித்தப்பா மவன் எபிசன் ஒரு லோக்கல் சேனல் வச்சிருக்கான். அவனுக்கு அனுப்புனேன். முழுசாத்தான் அனுப்புனேன் எக்கா, கர்த்தர் சாட்சி. அவனாக்கும் வேணுங்கதத் துண்டா வெட்டி எடுத்து, வட்டம் போட்டு, கொட்டு போட்டது. கீழ என்ன போட்டிருந்தான் தெரியுமா? 'சமூக ஆர்வலர் அனுப்பிய வீடியோ.' சமூக ஆர்வலர்! நான் எத்தன தடவ வாசிச்சுப் பாத்தேன்னு எனக்கே தெரியாது. பிறந்ததுல இருந்து நேசம்மாள், ஜான்ரோஸ் பெண்டாட்டி, ஸ்டெனி அம்ம... இது ஒண்ணுதான் நானா சம்பாதிச்ச பேரு.

ஞாயித்துக்கிழம சபையில பெண்கள் ஐக்கியத்துல எழும்பி நின்னு ஜெபிச்சேன் எக்கா. 'ஆண்டவரே, போதையில அழியுத அந்த ரெண்டு வாலிபப் பிள்ளையளையும் மீட்டெடும்'னு. அழுதேன். எல்லா பெண்டுவளும் அழுதாளுவ. பேபியக்கா எனக்க கையப் பிடிச்சு, 'வாற வருசம் செயலாளர் நீதான் நேசம்மா'ன்னு சொல்லிட்டா. திங்கக்கிழம கையத் தூக்குனவன் எனக்க மவன்! இப்பம் நான் போயி, 'எடுத்தது நான்தான் சார், மாவும் எனக்குள்ளதுதான் சார்'னு சொன்னா, சபையில தலகாட்ட முடியுமா? நீங்களே சொல்லுங்க.

'எடுத்தது யாருன்னு தெரியுமாடே'ன்னு ஹெட்மாஸ்டரு ஸ்டெனிகிட்ட கேட்டிருக்காரு. 'தெரியாது சார்'னுட்டான். டிசி போனாலும் போட்டும்னு நிக்கான். அந்த சுயம்புக்கும் தெரியாம இருக்காது எக்கா, ஸ்டெனி சொல்லியிருப்பான், அந்தப் பயலும் வாயத் தெறக்கல்ல. அவனுக்கு நான் என்ன உறவு? ஒருநா சாயா குடுத்திருப்பேனா... அதுகூட இல்ல. அதத்தான் என்னால செரிக்க முடியல்ல.

முழு வீடியோவா? இருக்கு, இந்தா பையில கெடக்கு. அழிச்சிரலாம்னுதான் பாத்தேன், எப்பிடி அழிக்கன்னு தெரியல்ல. போன்ல எது வேணும்னாலும் அவன்தான் செஞ்சு தருவான். இத எப்பிடி அவன்கிட்ட கேக்க? இந்தா, கையில பிடிச்சுப் பாருங்க, நம்மளுக்குள்ள இருக்கட்டும். எனக்க மவன் ஒண்ணும் செய்யல்லன்னு நீங்களே சொல்லுவிய... இந்தா மாவு... இந்தா காத்து அடிக்கு... பாத்தியளா, தார்ப்பாய நீக்குதான்... நட்சத்திரம் கெறங்குது பாருங்க, மிக்சி மோட்டாரு... ஆடு... மாட்டுத் தொழுவம்... அந்த சுயம்பு பாலகன எடுத்து வைக்கான், பஞ்சு மெத்தையில, பைய... பைய... உடஞ்சிராம...

எக்கா... அழுதியளா? என்னத்துக்கு நீங்க அழுதிய?

சத்தத்தக் கொறையுங்க, கடைசியில நான் கொஞ்சம் பேசியிருக்கேன். டிவியில அந்தக் கொட்டுல அது கேக்கல்ல, நல்ல காலம்...

யாரோ கூப்பிடுதான். பியூனாக்கும். 'சுயம்புராஜோட அம்மா உள்ள வாங்க...'ங்கான். எங்க அவ, வந்திருக்காளா? நான் பாக்கவே இல்லியே...

எக்கா, எங்க எழும்புதிய? பெஞ்சு... அம்மாடி... எக்கா! நீங்களா? நீங்களா அவனுக்க... ஐயோ, நான் என்னெல்லாம் சொல்லிட்டேன்... எக்கா, போன்! எனக்க போன தந்துட்டுப் போங்க! உள்ள கொண்டு போவாதீங்க எக்கா, கேளுங்க, நானே காட்டுதேன், சாயங்காலம் காட்டுதேன், பைய சொல்லிக் காட்டுதேன்... கதவ அடச்சுட்டாவளே!

ஏலே ஸ்டெனி, கதவுகிட்ட வராத, வாதுக்கல்ல இருந்து மாறி நில்லுல! உனக்கு ஒண்ணும் கேக்காண்டாம்...

போட்டுட்டாவ. சத்தமா வச்சிருக்காவ. காத்துச் சத்தம்... மோட்டாருச் சத்தம்... பயலுவ சிரிக்கானுவ... இந்தா வருது. எனக்க சத்தம். இவ்வளவு கட்டையாவா இருக்கும் எனக்க சத்தம்?

'நாசமாப் போற பயலுவ! இதுவளப் பெத்தவ எவளுன்னு எனக்கு ஒருநா பாக்கணும்!'

...

என்ன பியூன் சார்? ஸ்டெனிக்க அம்ம யாருன்னா கேக்கிய?

...நான்தான். வாறேன்.