வலக்கோடிக் குப்பி

முத்தலிப் பாய், முதலில் நாற்காலியை வெளிச்சத்துப் பக்கம் இழுத்துப் போட்டு உட்காருங்கள். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் இருட்டில் உட்கார்ந்துகொண்டு எழுத்து தெரியவில்லை என்கிறார்கள். பாதிப் பேருக்குக் கண்ணில் ஒரு குறையும் இருப்பதில்லை.

நீங்கள் கண்ணாடி வாங்க வரவில்லை என்று தெரியும். வந்ததிலிருந்து என் கையையும் வாசலையும் மாறி மாறிப் பார்க்கிறீர்கள். வெளியே யாரையோ நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். இருக்கட்டும். உங்கள் தம்பி நூர்தீன் திருடினாரா இல்லையா, அதுதானே கேள்வி? அவர் மகள் ஆயிஷாவைப் பெண் கேட்டு வந்தவர்கள் 'திருடன் மகள்' என்று சொல்லித் திரும்பிப் போனதாகக் கேள்விப்பட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. அதனால் சொல்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் உதவியாளாக இருந்தேன். அந்தத் தொரை நோயாளி பார்க்க மாட்டார். மனிதன் படிக்கும்போது கண் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார். வரிமேல் கண் வழுக்கிக்கொண்டே போவதாக நாமெல்லாம் நினைக்கிறோம். இல்லை பாய், தவளை மாதிரி தத்தித் தத்தித்தான் போகிறது.

அதைப் பிடிக்க ஒரு கருவி. பாரிஸ் சாந்தில் செய்த சின்னக் கிண்ணம், நடுவில் பார்ப்பதற்கு ஓர் ஓட்டை. திறந்த கண்ணின் மேலேயே அதை ஒட்டி வைப்போம். அதோடு சேர்ந்த ஊசி, புகைக்கரி படிந்த காகிதத்தில் கோடு கீறிக்கொண்டே போகும். கண் போகிற இடமெல்லாம் கோடும் போகும். முதலில் கொக்கேய்ன் சொட்டு விட்டுக் கண்ணை மரக்க வைத்துவிடுவதால் ஒன்றும் தெரியாது. தஞ்சோங் பகார் துறைமுகத்துக் குமாஸ்தாக்கள் வந்து, இங்கிலீஷ் பக்கம் ஒன்றைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். இங்கிலீஷ் தெரியாத யாரையும் தொரை அதில் உட்கார வைத்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி அந்தத் தொரையிடம் பியூன். நல்ல மனிதர். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ஆயிஷா ஊரிலிருந்து எழுதும் அரபுத்தமிழ்க் கடிதத்தை விரல் வைத்துப் படிப்பார். பேச்சு தமிழ், எழுத்து அரபு என்பதால் விரல் வலமிருந்து இடமாக ஊரும். அவருக்கு வேறு எழுத்து தெரியாது. நான் எத்தனையோ தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

மருந்து அலமாரிச் சாவி எங்கள் இருவரிடம்தான் இருந்தது. ஒருநாள் இரண்டு கொக்கேய்ன் குப்பியில் ஒன்றைக் காணவில்லை. எடுத்தது நான். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் பல்வலிக்குக் கேட்டார்கள், கொடுத்தேன். சும்மா கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். தொரை எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தியபோது பயந்துபோனேன். அதுவும் உண்மை.

போலீஸ் வேண்டாம், கருவியே சொல்லும் என்றார் தொரை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள் நம்மவர்கள். அவர் நெஞ்சை விட்டுவிட்டுக் கண்ணைப் பிடித்தார். திருடின பொருளின் படத்தைக் காட்டினால் திருடன் கண் முதலில் அங்கேதான் பாயுமாம். மூன்று அட்டை, ஒவ்வொன்றிலும் வரிசையாக நாலு படம் ஒட்டச் சொன்னார். ஒட்டியது நான். கத்தரிக்கோலும் விளக்கும் கடிகாரமும் இடம் மாறி மாறி வந்தன. குப்பியை மட்டும் மூன்றிலும் வலக்கோடியில் ஒட்டினேன்.

இங்கிலீஷ் படித்தவன் கண் இடக்கோடியில் தொடங்கும். நூர்தீன் கண் எங்கே தொடங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கண்ணும் அங்கேதான் தொடங்கும். தொரைக்கு அது தெரியாது. அவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது உதவியாள் வேலையும் இல்லை.

முதலில் நான் உட்கார்ந்தேன். ஊசி மூன்று தடவையும் இடக்கோடியில் தொடங்கியது. அடுத்து நூர்தீன். சொட்டு விட்டு, மோவாயைப் பலகையில் வைத்து, பட்டையால் தலையைக் கட்டிக் கிண்ணத்தை வைத்தேன்.

"கோவிந்தண்ணே, எரியுது. மருந்து பிடிக்கல போல. இன்னொரு சொட்டு விடுங்க."

"கொஞ்சம் பொறுங்க பாய், பிடிச்சிரும்."

"இல்லண்ணே, கண்ணு கிழியிற மாதிரி இருக்கு. தொரைகிட்ட சொல்லுங்க."

என்ன சொல்கிறான் என்று தொரை கேட்டார். பயப்படுகிறான் என்று இங்கிலீஷில் சொன்னேன். அதுவும் பொய்யில்லை.

உங்கள் தம்பி சொன்னது சரிதான். அலமாரியில் மிச்சமிருந்த குப்பியில் இருந்தது வெறும் தண்ணீர். அதையும் நான்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்திருந்தேன். மருந்து தண்ணீர் என்று சொன்னால், தண்ணீராக்கியது யார் என்ற கேள்வி வரும். மூன்றாவது அட்டை முடியும் தறுவாயில் அவர் தலையை உதறிவிட்டார். எடுத்தபோது கிண்ணம் தனியாக வரவில்லை.

மூன்று கோடும் குப்பியில் தொடங்கியிருந்தன. தொரை அந்தக் காகிதத்துக்கு வார்னிஷ் பூசி, தேதி போட்டுப் பத்திரப்படுத்தினார். ஒரு கண் போனால் மறு கண்ணும் துணைக்குப் போகும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ரமலானுக்குள் இரண்டும் போய்விட்டன. நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றிவிட நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டி, "ஆயிஷா எழுதினது, படிச்சுக் காட்டுங்கண்ணே" என்றார். எனக்கு அந்த எழுத்து தெரியாது. என்ன செய்ய?

அழாதீர்கள் பாய். வாசலில் நிற்கிறவரையும் உள்ளே கூப்பிடுங்கள். நூர்தீன் திருடவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆயிஷா கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். ஆனால் கண் போனதை மட்டும் என் தலையில் கட்டாதீர்கள். அசையக் கூடாது என்று அவரிடம் பத்துத் தடவை சொன்னேன். அசைந்தது அவர். நான் உட்கார்ந்தபோது இம்மிகூட அசையவில்லை, தொரையே பாராட்டினார். என்ன, திருடின குப்பியின் அடியில் நல்ல மருந்து இரண்டு சொட்டு மிச்சமிருந்தது. அதை எனக்கு விட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.