ஹானலியின் காலடிப் பெட்டி

சத்தத்தைக் கூட்ட யாருக்கும் தெரியும். குறைக்கத் தெரிவதுதான் தொழில்.

நீங்கள் ஹானலியின் வாழ்க்கை வரலாற்றை எழுதுகிறீர்கள். எல்லாரும் சொன்னதையே நானும் சொல்லப்போவதில்லை. தென்னாப்பிரிக்காவின் வறண்ட வெளியில் ஆட்டுப் பண்ணைக்காரரின் மகளாகப் பிறந்தது, தேவாலயத்தில் பாடியது, முதல் பாட்டுக் கசெற்றைத் தகப்பன் ஆடு ஏற்றும் வண்டியில் கொண்டுபோய் விற்றது எல்லாம் உங்களிடம் இருக்கும். அவர் தன் தாய்மொழியான ஆபிரிக்கான்ஸில் பாடினால் ஜெர்மன்காரருக்குப் பாதி விளங்கும், பாதி விளங்காது. காதல் பாட்டுக்கு அது சரியான அளவு. 2002இல் இங்கே ஜெர்மனிக்கு வந்தார், மண்டபங்கள் நிரம்பின. 2007 கிறிஸ்மஸ் கச்சேரியோடு குரல் போனது. தொண்டை நோய் என்று சொல்லியிருப்பார்கள்.

நான் தாரகன், அவருடைய ஒலிக்காரன். அதற்கு முன் இங்குள்ள தமிழ்க் கல்யாணங்களுக்கு மைக் கட்டினேன். நாதஸ்வரத்தைவிட என் ஸ்பீக்கர் வீரிட்டதுதான் அதிகம். நீங்களும் அவருடைய பியானோக்காரரைத் தேடி, அவர் கிடைக்காததால்தான் என்னிடம் வந்தீர்கள். பரவாயில்லை.

முதலில் ஒரு பெட்டியைப் பற்றி விளக்கிவிடுகிறேன். மேடையில் பாடுபவரின் காலடியில் முகத்தைப் பார்த்துச் சாய்ந்தபடி ஒரு ஸ்பீக்கர் இருக்கும். பாடகர் தன் குரலைக் கேட்பது அதில்தான். அது இல்லாவிட்டால் டிரம்ஸ் அவர் குரலை விழுங்கிவிடும். சபைக்குப் போகும் சத்தத்துக்கு ஒரு குமிழ், அந்தப் பெட்டிக்கு வேறொரு குமிழ். ஒன்று மற்றதைத் தொடாது. இரண்டும் மண்டபத்தின் பின்கோடியில், என் மேசையில் இருக்கும்.

பெட்டியில் குரல் போதாவிட்டால் பாடகர் பாட்டை நிறுத்த முடியாது. ஒலிக்காரனைப் பார்த்து ஒரு விரலை மேலே தூக்குவார். கூட்டு என்று அர்த்தம். சனம் அவர் வானத்தைக் காட்டுகிறார் என்று உருகும்.

ஹானலி முதல் வருடம் முழுவதும் விரலைத் தூக்கவே இல்லை. அவ்வளவு சரியாக வைத்திருந்தேன். அதனால் ஒருதடவைகூட என் பக்கம் பார்க்கவும் இல்லை. பிறகு ஓர் ஊரில் வயர் கழன்றது. அத்தனை தலைகளுக்கும் மேலாக என்னைத் தேடிப் பிடித்து விரலைத் தூக்கினார். நான் சரிசெய்தேன். சிரித்தார்.

காதல் என்று எழுதிவிடாதீர்கள். காதலென்றால் மன்னிக்க ஒரு வழி இருக்கும். தலையில் பாதி மயிர் போன, இரண்டு பிள்ளைகளின் தகப்பன் ஒரு விரலுக்காக ஏங்கினான், அவ்வளவுதான்.

அடுத்த ஊரில் அந்தக் குமிழைச் சற்றே குறைத்தேன். விரல் வந்தது. கூட்டினேன். சிரிப்பு வந்தது. அடுத்த பாட்டில் மறுபடி குறைத்தேன்.

இங்கே ஓர் அருமையான விஷயம் இருக்கிறது. தன் குரல் தனக்குக் கேட்காதபோது மனிதர் தம்மை அறியாமலே உரக்கப் பேசுவார். ரயிலில் ஹெட்போன் மாட்டியவர் பேசினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே, அதேதான். ஹானலியும் அப்படித் தொண்டையை அழுத்திப் பழகிக்கொண்டார். அதனால் விரல் வரத் தாமதமாயிற்று. அது வர நான் இன்னும் குறைக்க வேண்டியிருந்தது. தொண்டைக்குள் இரண்டு மெல்லிய மடிப்புகள் ஒன்றோடொன்று மோதித்தான் குரல் வருகிறது. விடாமல் கைதட்டினால் உள்ளங்கை சிவந்து வீங்கும் அல்லவா? அவையும் வீங்கும். ஒருநாள் இரத்தம் கசியும். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். வாசித்திருந்தேன்.

எங்கள் சாமான்களை ஏற்றும் வானை ஓட்டிய அன்ரன் கச்சேரி நேரத்தில் என் பக்கத்தில்தான் நிற்பான்.

"அண்ணை, அக்கா விரலைத் தூக்கிறா. காணேல்லையோ?"

"கண்டனான்."

"பிறகென்ன, ஐயர் தீபம் காட்டுற மாதிரி ஆறுதலா நிக்கிறியள்? கூட்டி விடுங்கோவன்."

"பொறு, கூட்டுறன்."

"மனிசி தொண்டை கிழியக் கத்துது. நீங்கள் என்னெண்டால் பொம்பிளை பாக்க வந்த மாப்பிளை மாதிரி இளிக்கிறியள்."

அவன் சொன்ன பிறகுதான் நான் இளிப்பதே எனக்குத் தெரிந்தது.

2007 இலையுதிர்காலத்தில் கொலோன் நகரத்து மருத்துவர் ஒருவர், குளிர்காலம் முழுவதும் பாடக்கூடாது, பாடினால் குரல் திரும்பாமலே போகலாம் என்று ஹானலியிடம் சொன்னார். ஹானலி கச்சேரிகளை ஒழுங்குசெய்யும் முகாமையாளரிடம் போகவில்லை. நேரே என் மேசைக்கு வந்தார்.

"தாரகன், என் குரல் என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகக் கேட்கும். நான் பாடலாமா?" என்று ஜெர்மனில் கேட்டார்.

என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"பாடலாம். மண்டபத்தில் பிசிறில்லாமல் கேட்கிறது" என்றேன். அது உண்மை. பிசிறையெல்லாம் சபைக்குப் போகுமுன் நானே மேசையில் வழித்துவிடுவேன்.

கிறிஸ்மஸ் கச்சேரி கெல்சென்கிர்ச்சன் நகரில் நடந்தது. கடைசிப் பாட்டு, தகப்பனின் பண்ணையைப் பற்றியது. முதல் அடியிலேயே விரல் வந்தது. நான் குறைத்தேன். மறுபடி வந்தது. இன்னும் குறைத்தேன். அன்ரன் என் கையைப் பிடித்தான்.

"அண்ணை, என்ன செய்யிறியள்? கூட்டுங்கோ!"

தட்டிவிட்டேன். குமிழ் அதற்குமேல் திரும்பாத இடத்துக்குக் கொண்டுபோனேன். பெட்டி செத்தது. கைதவறிச் செய்ததல்ல. எவ்வளவு நேரம் பார்ப்பார் என்று அறிய வேண்டியிருந்தது.

பாட்டு முழுவதும் பார்த்தார். விரலை இறக்கவே இல்லை. கடைசி அடியில் வாய் அசைந்தது, காற்று மட்டும் வந்தது. அழுகிறார் என்று நினைத்துச் சனம் எழுந்து நின்று தட்டியது.

அவர் இப்போது சொந்த ஊரில் இருக்கிறார். கிசுகிசுத்துத்தான் பேச முடியும் என்கிறார்கள். அன்ரன் அதன்பிறகு எனக்கு வான் ஓட்டவில்லை. உங்கள் புத்தகத்தில் இதையெல்லாம் எழுதுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அன்று மண்டபத்தில் சத்தம் மிக நன்றாக இருந்தது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.