பேச்சிமுத்துவின் உள்ளங்கை

முயலுக்கு அருகம்புல் என்றால் உயிர். காலையில் தென்காசிச் சந்தைக்குப் போனால் முதலில் அதைத்தான் வாங்குவேன். வீட்டுக்குக் காய்கறி எல்லாம் பிறகுதான்.

ஐயா, நீங்கள் எங்கள் முதலாளி நாகராஜன் அண்ணாச்சியைச் சந்தேகப்படுவதாகக் கேள்விப்பட்டேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. மூட்டுவலித் தைலம் செய்கிற அவர் கம்பெனியில் சோதனை முயல்கள் என் பொறுப்பு. ஆகவே நானே முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

முயல் முதுகில் மருந்து தடவுவதென்றாலும் நெறிமுறைக் குழு கூட வேண்டும். எதற்கு, எத்தனை, வேறு வழியே இல்லையா என்று குடைந்து கேட்டுத்தான் அனுமதி தருவார்கள். விலங்கு வலியில் துடித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். நல்ல சட்டம். புதுத் தைலம் பட்ட முதல் முயலுக்குத் தோல் வெடித்து, காது மஞ்சள் பூத்தது. தீனியைத் தொடவில்லை. அன்றே நிறுத்தினேன்; தேறிவிட்டது. அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. சொன்னால் வேறு முயல்களில் போட்டுப் பார்க்கச் சொல்வார். சீசனுக்குள் தைலம் கடைக்கு வந்தாக வேண்டும் என்று அவருக்கு அவசரம்.

குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் பேச்சிமுத்து எண்ணெய் மசாஜ் செய்துவந்தான். தேய்த்துக்கொண்டு அருவியில் நின்றால் எல்லாம் போய்விடும். வந்தவர்கள் பஸ் ஏறி ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்காகக் கூடுகிற குழு எதுவும் இல்லை. விளம்பரத்துக்கு என்று சொல்லி அந்தப் புதுத் தைலத்தில் ஒரு கேன் கொடுத்தேன்.

"ஓசியில குடுக்கிய. உள்ள ஏதும் வெனை இருக்கா சார்?" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. குளிக்கிறவர்கள் மேல் எண்ணெய் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பேச்சிமுத்துவின் கைகளோ விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அதிலேயே ஊறின. யோசித்த பிறகு, அதுவும் நல்லதுக்குத்தான் என்று பட்டது.

உள்ளங்கை வெடித்ததும் என்னிடம்தான் காட்டினான். எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று கேட்டான். சோப்பை மாற்றச் சொன்னேன். அடுத்த கேனையும் கொடுத்தேன். கண் மஞ்சளானபோது கீழாநெல்லி அரைத்துக் குடிக்கச் சொன்னேன். முயலில் பாதியில் விட்டதற்கு மேல் என்ன ஆகும் என்று யாராவது பார்க்கத்தானே வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். உடம்பில் ஏதாவது மருந்து பட்டதா என்று டாக்டர் அவன் மனைவி முப்பிடாதியம்மாளிடம் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டொரு நாளில் அவன் போய்விட்டான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து முப்பிடாதி என்னை அவனுடைய மசாஜ் கடைக்கு வரச் சொன்னாள்.

"தெனமும் வந்து அவுக கையப் பாத்திய. ஊருக்கெல்லாம் தேச்சுவிடச் சொன்னிய. நீங்க ஒருநாளாவது இங்கன உக்காந்து தேச்சிருக்கியளா சார்?"

என் கையைப் பிடித்து, கேனில் மிச்சமிருந்ததை உள்ளங்கையில் ஊற்றினாள்.

"தேய்ங்க, பாப்போம்."

நான் எதிரே இருந்த குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன். திரும்பத் திரும்பக் கழுவினேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கேனைத் தூக்கிக்கொண்டு உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டாள்.

அவள் தப்பாக எடுத்துக்கொண்டாள், ஐயா. நான் பயந்து கழுவவில்லை. அடுத்து அந்தக் கையால் முயல்களைத் தூக்க வேண்டியிருந்தது.