நேரம் சமம்

அப்புத்தளையிலிருந்து கொஸ்லந்த போகும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் திடீரென்று கேட்டாள்: "ரெண்டு பேருக்கும் ஒரே நேரம்னா, ரெண்டு பேருக்குமே கப்பு குடுத்துட வேண்டியதுதானே தம்பி?"

பக்கத்தில் அவளுடைய கொழுந்தன். அவள் புருஷன் ஓடுகிற பல நாள் சைக்கிள் ரேஸுக்கு நாளை கடைசி நாள். இதே இறக்கத்தில்தான். இதுவரை அவனுக்கும் இன்னொருவனுக்கும் மொத்த நேரம் சமம்.

"குடுக்க மாட்டாங்க அண்ணி. ஒவ்வொருத்தரையா தனியா ஓடவிட்டு நேரம் எடுக்கிற நாள் இருந்தா, அந்த நேரத்த செக்கனுக்கும் கீழ நுணுக்கிப் பாப்பாங்க. இதுல அது இல்ல. அதனால ஒவ்வொரு நாளும் எத்தனையாவதா வந்தாங்கன்னு கூட்டுவாங்க. கூட்டுன கணக்கு கொறஞ்சவருக்குத்தான் கப்பு."

"கூட்டத்தோட கூட்டமா வந்தா?"

"நேரம் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆனா எடம் வேற. கூட்டிப் பாத்தா அண்ணன்தான் பின்னுக்கு நிக்கிறாரு. நாளைக்கு இந்த எறக்கத்துல முந்தியே ஆகணும்."

வெளியே மூடுபனி. வளைவு தெரியாமல் டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே திருப்பினார். அவள் கம்பியை இறுகப் பிடித்தாள்.

கொழுந்தனின் போன் அடித்தது. "அண்ணன்தான். கூட்டிப் பாத்தியான்னு கேக்கப் போறாரு."

அவள் போனைப் பிடுங்கினாள்.

"ஏங்க, தம்பி கூட்டிப் பாத்துட்டாரு. நீங்கதான் முன்னுக்கு. நாளைக்கு யாரையும் முந்த வேணாம், கூட்டத்தோட வந்தாலே போதுமாம்."

பதிலுக்குக் காத்திராமல் அழைப்பைத் துண்டித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னா அண்ணி இப்படிப் பண்ணிட்டீங்க? தோத்த பொறகு தெரிஞ்சா அண்ணன் ஏசுவாரே!"

"ஏசட்டும் தம்பி. வீட்டுக்கு வந்து ஏசட்டும்."